துபாய் பாலைவன அரைநாள் பயணம்: ஒட்டகச் சவாரியும் மணற்சறுக்கும்

ஐக்கிய அரபு அமீரகத்தின் துபாய் நகரிலிருந்து சுமார் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள மணற்குன்றுகளுக்குச் சென்று, ஒட்டகத்தில் சவாரி செய்து, பலகையில் மணற்சரிவில் சறுக்கி, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் வீடு திரும்பும் பயணம் பாலைவன அரைநாள் பயணம் எனப்படுகிறது. அமீரகத்தில் வாழும் தமிழர்கள் இதை ‘டெசர்ட் சஃபாரி’ என்றே சொல்வார்கள். ஊரிலிருந்து பெற்றோரோ மாமனார் மாமியாரோ வந்தால் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களின் பட்டியலில் இது கட்டாயம் இருக்கும்.

பயண நிறுவனங்களின் விளம்பரத்தில் ஒட்டகம், மணற்சறுக்கு, மணலில் வண்டியோட்டம், சூரிய அஸ்தமனம், இரவு உணவு என்று எல்லாம் வரிசையாக இருக்கும். எதற்கு எத்தனை நிமிடம் என்பது மட்டும் இருக்காது. அரை நாள் என்பது உண்மையில் குறுகிய நேரம். போகவர இரண்டு மணி நேரம் கழிந்தால் மணலில் நிற்கக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரம் நன்றாக அமைவதும் வீணாவதும் வெயிலைப் பொறுத்தது. எனவே இப்பயணத்தைத் திட்டமிடுவோர் நிறுவனத்தின் பட்டியலிலிருந்து தொடங்காமல், அன்றைய சூரிய உதயம் அல்லது அஸ்தமன நேரத்திலிருந்து தொடங்குவது நல்லது.

இடம்

அமீரகத்தின் மணற்பரப்பு, அரபுத் தீபகற்பத்தின் தெற்கே ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ரூப் அல் காலி பாலைவனத்தின் வடகிழக்கு ஓரம் ஆகும். துபாயிலிருந்து ஹத்தா மலைப்பகுதிக்குச் செல்லும் இ44 நெடுஞ்சாலையில் உள்ள லஹ்பாப், அதைத் தாண்டி சார்ஜா எல்லைக்குள் வரும் அல் பதாயர் ஆகிய இரண்டும் அரைநாள் பயணத்துக்கு அதிகம் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள். பதாயரில் ‘பிக் ரெட்’ என்று அழைக்கப்படும் பெரிய செம்மணற்குன்று உள்ளது. வார இறுதியில் அங்கே நான்கு சக்கர மோட்டார் பைக்குகளின் இரைச்சல் அதிகம். அமைதியை விரும்புவோர் வார நாளில் செல்வது நல்லது.

கடற்கரையை ஒட்டிய மணல் வெளிறியும், உள்நாட்டு மணல் சிவந்தும் இருப்பதைப் பயணத்தின்போதே காணலாம். கரையோர மணலில் சிப்பி, கிளிஞ்சல் துகள்களின் கலப்பு அதிகம். உள்ளே செல்லச் செல்ல மணற்துகள்கள்மீது இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு மணல் சிவந்திருப்பதற்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம்.

விலங்குகளையும் தாவரங்களையும் பார்க்க விரும்புவோருக்குத் துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி ஏற்றது. 2003-இல் சட்டப் பாதுகாப்பு பெற்ற இப்பகுதி சுமார் 225 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே பயணிகளை உள்ளே அழைத்துச் செல்ல முடியும். அதனால் கட்டணம் கூடுதல். 1972-இல் காட்டிலிருந்து முற்றிலும் அற்றுப்போய், பின்னர் வளர்ப்பகங்களில் பெருக்கி மீண்டும் விடப்பட்ட அரேபிய ஓரிக்ஸ் மான்களை இங்கே காணலாம். மணலில் தனித்து நிற்கும் காஃப் மரத்தைத் தமிழர்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள். சிவன் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னி மரமே அது. 2008-இல் அமீரகத்தின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது.

அபுதாபிக்குத் தெற்கே உள்ள லிவா பகுதியின் குன்றுகள் இவற்றைவிட மிகப் பெரியவை. படங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே போக ஆசைப்படுவோர் உண்டு. ஆனால் துபாயிலிருந்து ஒருவழிப் பயணத்துக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் லிவா அரைநாளில் அடங்காது.

மணற்குன்றின் இரு பக்கங்கள்

ஒட்டகச் சவாரிக்கும் மணற்சறுக்குக்கும் ஒரே குன்று பயன்பட்டாலும், இரண்டுக்கும் தேவைப்படும் பக்கம் வேறு. காற்று வீசும் பக்கம் 10 முதல் 15 பாகை அளவில் மெதுவாக ஏறும். அங்கே மணல் காற்றால் அழுத்தப்பட்டு ஓரளவு இறுகியிருக்கும். துகள்கள் தாவித் தாவி உச்சியை அடைந்து மறுபக்கத்தில் விழும். அப்படி விழும் மணல் அந்தப் பக்கத்தில் செங்குத்தாகக் குவியும். சரிவு ஏறக்குறைய 32 முதல் 34 பாகையை எட்டியதும் உலர்ந்த மணலால் அதற்குமேல் தாங்கி நிற்க முடியாது. சரிந்து கீழே வழியும். இதனால் இப்பக்கத்து மணல் எப்போதும் தளர்ந்தே இருக்கும்.

ஒட்டகங்கள் இறுகிய பக்கத்திலும் குன்றுகளுக்கு இடையிலுள்ள சமதளத்திலும் நடக்கும். சறுக்குவது வழியும் பக்கத்தில். பனியைவிட மணலுக்கு உராய்வு அதிகம் என்பதால், பனியில் வேகமாகச் செல்லப் போதுமான சரிவு மணலில் போதாது. 20 பாகைச் சரிவில் பலகையை வைத்து உட்கார்ந்தால் அது பெரும்பாலும் நகராமல் நிற்கும். முகாமுக்குப் பக்கத்தில் உள்ள, பலர் மிதித்துத் தட்டையாகிவிட்ட மேட்டைக் காட்டி “இங்கே சறுக்குங்கள்” என்று சொல்வதும் உண்டு. பலகை ஓடாமல் குழந்தைகள் ஏமாந்து நிற்பதற்குக் காரணம் அவர்களின் திறமைக் குறைவு அல்ல, சரிவு போதாமையே.

மணலின் இந்த இயல்புகளை முறையாக அளந்து எழுதியவர் பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட். காற்றில் நகரும் மணல் பற்றிய அவரது நூல் 1941-இல் வெளிவந்தது. லிபியப் பாலைவனத்தில் கார்களை ஓட்டிச் சென்ற அனுபவத்தில், டயரில் காற்றைக் குறைத்தால் வண்டி மணலில் புதையாது என்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். இன்று லஹ்பாப்பில் சாலையோரம் வண்டியை நிறுத்தி ஓட்டுநர்கள் டயர் காற்றைப் பாதியளவுக்கு இறக்குவது இதற்காகத்தான். காற்று குறைந்த டயர் பரந்து மணலை அழுத்தும். ஒட்டகத்தின் அகன்ற மெத்தைப் பாதமும் எடையைப் பரப்பியே மணலில் புதையாமல் நடக்கிறது.

பருவமும் நேரமும்

நவம்பர் முதல் மார்ச் வரை இப்பயணத்துக்கு உகந்த காலம். அப்போது பகல் வெப்பம் பெரும்பாலும் 20 முதல் 30 பாகை செல்சியசுக்குள் இருக்கும். அஸ்தமனத்துக்குப் பின் பாலைவனத்தில் குளிர் எடுக்கும். வெயில் ஊர் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வரும் முதியவர்கள் இரவு உணவின்போது நடுங்குவதைக் காணலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நிலைமை வேறு. வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது இயல்பு. நேரடி வெயிலில் காயும் மணலின் மேற்பரப்பு 60 பாகைக்கு மேல் சூடேறும். வெறுங்காலை வைத்தால் கொப்புளம் எழும். திறந்த வெளியில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை வேலை நிறுத்தம் என்று அமீரகச் சட்டமே விதித்திருக்கிறது. தொழிலாளர் உடலுக்கு ஆகாத வெயில் சுற்றுலாப் பயணிக்கும் ஆகாது. கோடை விடுமுறையில்தான் ஊரிலிருந்து குடும்பம் வர முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள், அதிகாலையில் புறப்பட்டு எட்டு மணிக்குள் மணலை விட்டு வெளியேறும் பயணத்தை மட்டுமே எண்ணிப் பார்க்கலாம். கைக்குழந்தையோ முதியவரோ உடன் இருந்தால் அதையும் தவிர்ப்பதே மேல்.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: டிசம்பரில் துபாயில் சூரியன் மாலை சுமார் 5:30-க்கு மறையும். அதன்பின் 25 நிமிடத்துக்குள் இருள் கவிந்துவிடும். ஒட்டகச் சவாரி அஸ்தமனத்துக்குச் சற்று முன் முடிய வேண்டுமானால் 4:50-க்கு ஏற வேண்டும். அதற்கு முன் மணற்சறுக்குக்கு ஒரு மணி நேரம் தேவை. ஆகவே 3:40-க்குக் குன்றடியில் இருக்க வேண்டும். நேராகச் செல்லும் வண்டியானால் வீட்டிலிருந்து 2:30-க்குக் கிளம்பினால் போதும். பலரை ஏற்றிச் செல்லும் பகிர்வு வண்டியானால் வெவ்வேறு இடங்களில் நின்று ஆட்களை ஏற்றுவதிலேயே ஒரு மணி நேரம்வரை போய்விடும். பல பயணங்களில் அஸ்தமனம் வண்டிக்குள்ளேயே முடிந்துபோவது இதனால்தான்.

மாலைப் பயணத்தில் மணற்சறுக்கு முதலிலும் ஒட்டகம் பிறகும் வருவது பொருத்தம். மேடேற வெளிச்சமும் காலில் வலுவும் வேண்டும். காலைப் பயணத்தில் இந்த வரிசையை மாற்ற வேண்டும். குளிர்கால இரவுகளில் பாலைவனத்தில் பனி இறங்கும். விடியும்போது மணலின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும். ஈர மணலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பலகை வழுக்காது. எனவே முதலில் ஒட்டகச் சவாரி, மணல் காய்ந்தபின் சறுக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்த மறுநாள் மணற்சறுக்குக்கு ஏற்றதன்று. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை மூடுபனி சாலையையே மறைக்கும் நாட்களும் உண்டு. அன்று அவசரப்படாமல் ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்புவதே சரி.

ரமலான் மாதத்தில் முகாம்களில் ஆட்டமும் இசையும் பொதுவாக இருப்பதில்லை. ஒட்டகத்துக்கும் மணலுக்கும் மட்டும் செல்வோருக்கு அது குறையாகத் தோன்றாது.

ஒட்டகச் சவாரி

அரபு நாட்டு ஒட்டகம் ஒற்றைத் திமில் உடையது. முழு வளர்ச்சியடைந்தது 400 முதல் 600 கிலோ வரை எடை இருக்கும். தோள் உயரமே ஆறடியை நெருங்கும். அதன்மேல் சேணத்தில் உட்காருபவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ பத்தடி உயரத்தில் இருக்கும். இந்த உயரத்தைப் பலர் ஏறிய பிறகே உணர்கிறார்கள்.

சவாரியில் விழும் ஆபத்து அதிகமுள்ள தருணங்கள் இரண்டு. ஒன்று ஒட்டகம் எழும்போது, மற்றொன்று அது உட்காரும்போது. மடங்கி அமர்ந்திருக்கும் ஒட்டகம் முதலில் பின்னங்கால்களை நீட்டி எழும். அப்போது சேணம் முன்பக்கமாகக் கவிழ்வதுபோல் சாயும். அடுத்த கணம் முன்னங்கால்கள் நிமிரும். அமர்ந்திருப்பவர் பின்பக்கமாகத் தள்ளப்படுவார். உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடங்கும் என்பதால் மறுபடியும் முன்பக்கச் சாய்வு. ஒட்டகக்காரர் “பிடிச்சுக்கோ, பின்னாடி சாய்” என்று இந்தியிலோ உருதுவிலோ சொல்வது இதற்காகத்தான். சேணத்தின் பிடியை இரு கைகளாலும் பற்றி, உடலைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டால் போதும். ஒரு கையில் செல்போனைப் பிடித்துக் காணொளி எடுத்துக்கொண்டே எழுவதுதான் விபத்துக்கு வழி. படம் எடுக்க வேண்டுமானால் கீழே நிற்கும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

நடக்கத் தொடங்கியதும் அசைவு வேறுவிதமாக இருக்கும். ஒட்டகம் ஒரே பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் ஏறக்குறைய ஒன்றாக எடுத்து வைக்கும். அதனால் உடல் பக்கவாட்டில் படகுபோல் ஆடும். இடுப்பை விறைப்பாக வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் வலிக்கும். அசைவுக்கு இடுப்பை விட்டுக்கொடுத்தால் அரை மணி நேரம் தாராளமாகச் செல்லலாம். முதன்முறை சவாரிக்கு இருபது முதல் முப்பது நிமிடம் போதுமானது. அதற்குமேல் போனால் தொடையின் உட்பக்கம் உராய்ந்து, மறுநாள் படி இறங்கக்கூடச் சிரமமாகும்.

இதற்கு மாறாக, மலிவான தொகுப்புகளில் ‘ஒட்டகச் சவாரி’ என்பது முகாமின் வேலியைச் சுற்றி ஐந்து நிமிட வட்டமாக முடிந்துவிடும். வரிசையில் காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகம். இது ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஏனெனில் எத்தனை நிமிடம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒட்டகத்தைப் பார்த்து அறிய வேண்டியவை சில உண்டு. உட்காரச் சொல்லும்போது ஒட்டகம் கத்துவது அதன் வழக்கம், அதை மட்டும் வைத்து வலி என்று முடிவுசெய்ய வேண்டியதில்லை. சேணத்துக்குக் கீழே புண், நொண்டி நடை, விலா எலும்பு தெரியும் மெலிவு ஆகியவை கவலைக்குரியவை. நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்தில் நாள் முழுவதும் சேணத்தோடு கட்டிவைக்கப்பட்ட ஒட்டகத்தில் ஏறாமல் இருப்பது பயணியின் உரிமை. பணம் கட்டியாயிற்று என்பதற்காக ஏற வேண்டியதில்லை.

சுற்றுலாப் பருவமான குளிர்காலமே ஆண் ஒட்டகங்களின் இணைசேரும் பருவமும் ஆகும். இக்காலத்தில் ஆண் ஒட்டகம் முரட்டுத்தனமாக இருக்கும். பல்லைக் கடித்து நுரை தள்ளும். மென்னண்ணம் இளஞ்சிவப்புப் பலூன்போல ஊதி வாயின் ஓரத்தில் தொங்கும். முதன்முறை பார்ப்பவர்கள் நாக்கு வெளியே வந்துவிட்டது என்றோ நோய் என்றோ நினைத்து அருகே போய்ப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஒட்டகத்திடமிருந்து தள்ளி நிற்க வேண்டும். அதன் கடி கையெலும்பை முறிக்கக்கூடியது. சவாரிக்குப் பெண் ஒட்டகமோ காயடித்த ஆண் ஒட்டகமோ பாதுகாப்பானது.

உடல்நலம் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒரு செய்தி உண்டு. 2012-இல் சவுதி அரேபியாவில் முதலில் கண்டறியப்பட்ட மெர்ஸ் கொரோனா வைரஸ் ஒற்றைத் திமில் ஒட்டகங்களிடம் இருப்பது. மனிதருக்குத் தொற்றுவது அரிது. ஆயினும் தொற்றினால் கடுமையாகும் வாய்ப்புள்ளவர்கள் ஒட்டகத்தோடு நெருங்கிப் பழகுவதைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அவர்களில் அடங்குவர். ஊரிலிருந்து வரும் அறுபது வயதுத் தாய் தந்தையரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பதை எண்ணினால், இது யாருக்கோ சொல்லப்பட்ட அறிவுரை அல்ல என்பது புரியும். அவர்கள் சற்றுத் தொலைவில் நின்று பேரப்பிள்ளைகள் சவாரி செய்வதைப் பார்க்கலாம். மற்றவர்களும் ஒட்டகத்தைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முகத்தோடு முகம் வைத்துப் படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சாத ஒட்டகப் பாலைக் குடிக்கக் கூடாது. கடைகளில் விற்கும் பதப்படுத்திய பாலுக்கு இந்தத் தடை இல்லை.

கர்ப்பிணிகள், முதுகுத்தண்டு அல்லது இடுப்பு அறுவை செய்துகொண்டவர்கள், எலும்புத் தேய்வு உள்ளவர்கள் ஆகியோரும் ஏறாமல் இருப்பது நல்லது. எழும்போது ஏற்படும் அந்த இரண்டு உலுக்கல்களே போதும், சிக்கல் வருவதற்கு.

மணற்சறுக்கு

மணற்சறுக்குப் பலகை பனிச்சறுக்குப் பலகையின் தம்பி. அடிப்பகுதி கடினமான, வழவழப்பான தகடால் ஆனது. ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும் அடியில் மெழுகு தேய்க்க வேண்டும். பலகை ஓடவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் மெழுகுதான் மருந்து. மெழுகு இல்லாமல் பலகையை மட்டும் கொடுப்பவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மணலில் மேலே இழுத்துச் செல்லும் கம்பி வண்டி கிடையாது. ஒவ்வொரு முறையும் பலகையைச் சுமந்து ஏற வேண்டும். 20 மீட்டர் உயரக் குன்றின் 32 பாகைச் சரிவு ஏறக்குறைய 38 மீட்டர் நீளம் இருக்கும். அதில் சறுக்கி இறங்கப் பத்து வினாடி போதும். ஏற ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும், ஏனெனில் ஒவ்வோர் அடிக்கும் கால் பாதி தூரம் கீழே வழுக்கும். சரிவில் நேராக ஏறாமல், உச்சிக்கோட்டின் ஓரமாக இறுகிய பக்கத்தில் சுற்றி ஏறினால் உழைப்பு வெகுவாகக் குறையும். ஒரு மணி நேரத்தில் ஆறேழு முறை இறங்கினாலே சராசரி மனிதருக்குக் கால் ஓய்ந்துவிடும். எனவே “எத்தனை முறை வேண்டுமானாலும் சறுக்கலாம்” என்ற விளம்பர வரியால் நிறுவனத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை.

புதியவர்கள் முதலில் உட்கார்ந்தபடி இறங்குவது நல்லது. பலகையின் பின்பாதியில் அமர்ந்து, கால்களைப் பட்டையில் வைத்து, கைகளைப் பின்னால் மணலில் லேசாக உரசவிட்டால் வேகமும் திசையும் கட்டுக்குள் வரும். நின்று சறுக்கும்போது முழங்காலை மடக்கி, எடையைச் சற்றே பின்னங்காலுக்குக் கொடுக்க வேண்டும். எடை முன்னுக்குப் போனால் பலகையின் மூக்கு மணலில் குத்தும். ஆள் முன்னால் தூக்கி எறியப்படுவார். திருப்பம் எல்லாம் பிறகு பழகலாம். முதல் நாளில் நேர்கோட்டில் இறங்கி, அடிவாரச் சமதளத்தில் தானாக நிற்கவிடுவதே போதும். தடுமாறினால் பின்பக்கமாக உட்கார்ந்துவிட வேண்டும். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியும். மணல் மென்மையானது என்ற எண்ணம் தவறு, வேகத்தோடு மோதும்போது அது கட்டாந்தரைக்குச் சமம்.

தலை முன்னே இருக்கக் குப்புறப் படுத்துச் சறுக்குவது படத்துக்கு நன்றாக இருக்கும். கழுத்துக்கு நல்லதன்று. இறங்குவதற்கு முன் அடிவாரத்தில் ஆட்கள், வண்டிகள், செடிகள் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். மோட்டார் பைக்குகள் ஓடும் குன்றில் மறுபக்கத்திலிருந்து வண்டி உச்சியைத் தாண்டிப் பாயக்கூடும் என்பதால், அத்தகைய குன்றில் சறுக்கவே கூடாது. மாலையில் கடற்காற்று உள்நாடு வரை வீசி மணலைக் கிளப்பும். அந்நேரத்தில் கண்ணாடி கட்டாயம். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்று மூக்குக் கண்ணாடிக்கு மாறிக்கொள்ளலாம்.

வண்டியோட்டம்

பெரும்பாலான தொகுப்புகளில் ‘டூன் பாஷிங்’ எனப்படும் வண்டியோட்டம், ஒட்டகத்துக்கும் சறுக்குக்கும் முன்னரே நடந்துவிடும். குன்றின் உச்சியிலிருந்து வண்டியைச் சரியவிட்டு, பக்கவாட்டில் சாய்த்து ஓட்டுவார்கள். பாதிப் பேருக்கு வயிறு புரளும். அதன்பின் சறுக்கவோ ஒட்டகத்தில் ஆடவோ மனம் வராது. அந்த இரண்டும்தான் நோக்கம் என்றால் வண்டியோட்டத்தை விட்டுவிடலாம். கழுத்து, முதுகுச் சிக்கல் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் சாலை வழியாக நேரே முகாமுக்கு அழைத்துச் செல்ல, முன்கூட்டியே கேட்டால் ஏற்பாடு செய்வதுண்டு. ஏற விரும்புவோர் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாமல் இருந்தால் உடன் வருபவர்களும் வாழ்த்துவார்கள்.

சொந்தக் காரில் மணலுக்குள் இறங்குவது பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்றதன்று. வாடகைக் காருக்குச் சாலைக்கு வெளியே பொதுவாகக் காப்பீடு செல்லாது. பழகியவர்கள்கூட ஒற்றை வண்டியாகப் போக மாட்டார்கள்.

முன்பதிவின்போது

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, நிமிடம். ஒட்டகத்தில் எத்தனை நிமிடம், வட்டமா வழிநடையா, ஓர் ஒட்டகத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் பதிலிலேயே தரம் தெரிந்துவிடும். சறுக்குப் பலகை எத்தனை பேருக்கு எத்தனை, சரிவு முகாமிலிருந்து எவ்வளவு தூரம், தலைக்கவசம் உண்டா என்பவை அடுத்து. கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. முகாம் இல்லாத காலைப் பயணங்களில் அது இருக்காமலே போகலாம். முதியவர்களோடு செல்லும்போது இந்த ஒரு கேள்வி பயணத்தையே மாற்றும்.

நான்கைந்து பேர் கொண்ட குடும்பமானால் பகிர்வு வண்டியில் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதற்கும் தனி வண்டிக்குமான வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பல சமயம் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

உடையும் தண்ணீரும்

ஒட்டகத்தில் கால்களை இருபுறமும் போட்டே உட்கார வேண்டும். புடவையோ வேட்டியோ கட்டிக்கொண்டு அது இயலாது. தளர்ந்த பேண்ட் அல்லது சல்வார், முழுக்கைப் பருத்திச் சட்டை, முகத்தைச் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு ஆகியவை பொருந்தும். செருப்பு மணலில் கழன்று போகும். ஷூவுக்குள் மணல் நிறையும் என்றாலும் சூட்டிலிருந்தும் தேளிலிருந்தும் அது காக்கும். தேள்களும் விரியன் வகைப் பாம்புகளும் பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. இருட்டியபின் டார்ச் இல்லாமல் செடிகளுக்கிடையே நடக்கக் கூடாது. செல்போனையும் கேமராவையும் மூடும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்வது நல்லது. நுண்மணல் லென்ஸுக்குள் நுழைந்தால் துடைத்து எடுக்க முடியாது.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது அரைநாளுக்குச் சரியான கணக்கு. பாலைவனக் காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு முறை மேடேறியதும் நாலு மடக்குக் குடிப்பது வழக்கமாக வேண்டும். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கு வந்து உட்கார வேண்டும். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்ப மயக்கத்தின் கடுமையான நிலை. ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களிடம் இதே அறிகுறிகள் சர்க்கரை குறைவதாலும் வரலாம் என்பதால், பையில் பேரீச்சையோ பழரசமோ இருப்பது அவசியம்.

குப்பை

காலித் தண்ணீர்ப் புட்டிகளும் பைகளும் காற்றில் உருண்டு முள்செடிகளில் மாட்டிக்கொள்ளும். செடியை மேயும் ஒட்டகம் பையையும் சேர்த்து விழுங்கும். அதைச் செரிக்கவோ வெளியேற்றவோ அதனால் முடியாது. இறந்த ஒட்டகங்களைத் துபாயில் அறுத்து ஆராய்ந்த கால்நடை மருத்துவர்கள், வயிற்றில் பல கிலோ எடையுள்ள பிளாஸ்டிக் கட்டிகளைக் கண்டிருக்கிறார்கள். உப்பும் சுண்ணமும் படிந்து கல்லாக இறுகிய அக்கட்டிகள் வயிற்றை அடைத்திருக்க, பசியே எடுக்காமல் அவ்விலங்குகள் மெலிந்து இறந்திருந்தன. குன்றடியில் சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வண்டிக்குள் வைத்துவிட வேண்டும். நெடுஞ்சாலைக்கு வந்து டயரில் காற்று நிரப்ப நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் குப்பைத்தொட்டி இருக்கும்.